பழைய சேதம்

பெட்டி வந்திறங்கி ஒரு முழு நாள்
அதைத் திறக்கக் கூடாது.
உள்ளிருக்கும் மண்
இந்த ஊர்க் காற்றுக்குப் பழகட்டும் என்பது விதி.
ஏதென்ஸின் வறண்ட மலையடிவாரத்திலிருந்து
நேரே சிங்கப்பூர் ஈரத்துக்குள் இறங்கினால்
எதற்கும் கொஞ்சம் மூச்சு முட்டும்.
நான் வந்தபோது பதினோரு மாதம் தும்மினேன்.
எனக்கென்று யாரும் ஒரு நாள் ஒதுக்கவில்லை.

மறுநாள் விடியலில் சுமத்ராக் காற்று
ஆற்றைக் கலக்கிவிட்டுப் போன பிறகு
ராயப்பன் திருகாணிகளைக் கழற்றினார்.
மொத்தம் பதினாறு.
ஒவ்வொன்றாக எண்ணி
மைலோ டின்னில் போட்டார்.

என் வேலை பார்ப்பது, எழுதுவது.
பளிங்குப் பெண் தலை: மூக்கு இல்லை. பழைய சேதம்.
ஒயின் கலக்கும் சாடி: விளிம்பில் விரிசல். பழைய சேதம்.
சுடுமண் குதிரை: பின்னங்கால் ஒட்டப்பட்டது.
ஒட்டியவர் அவசரக்காரர்.
(கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டேன்.)
பழையது என்று எழுதிவிட்டால்
இங்கே யாரும் பொறுப்பில்லை.
புதியது என்றால் காப்புறுதி, வக்கீல்,
நள்ளிரவில் தொலைபேசி.

நாற்பத்தொன்றாம் பொருள்
உள்ளங்கை அகல ஓட்டுச் சில்லு.
ஏதோ குடத்தின் தோள். கருப்பு மினுக்கம்.
அதில் ஆணியால் கீறிய எழுத்து;
ஓர் எழுத்தை விட்டுவிட்டுப்
பிறகு மேலே செருகியிருக்கிறான் எழுதியவன்.
கூடவே வந்திருந்த ஸ்டமாத்தியா வாசித்துக் காட்டினாள்:
ஒருவன் பெயர், அடுத்து அவன் அப்பா பெயர்.
இங்கே அடையாள அட்டையில் நம் ஆட்களுக்கு
'சன் ஆஃப்' போடுகிறார்களே, அப்படி.

ஊரை விட்டு யார் போக வேண்டும் என்று
ஆளுக்கொரு சில்லில் எழுதிப் போடுவார்களாம்.
அதிகம் விழுந்தவன்
பத்து நாளில் கிளம்ப வேண்டும்,
பத்து வருடத்துக்கு.

எனக்குக் குடவோலை நினைவுக்கு வந்தது.
எங்கள் பக்கம் பெயரெழுதிய ஓலை
குடத்துக்குள் போகும்,
பெயருக்குரியவன் சபைக்குள் வருவான்.
இவர்கள் குடத்தையே உடைத்துவிட்டார்கள்.
அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள்
ராயப்பன் கேட்டார்:
"பத்து நாளா குடுத்தாங்க?"

மொழிபெயர்த்தேன். ஆமாம் என்றாள்.
"வீடு, நெலம்?"
தொட மாட்டார்கள். அவனுடையதுதான்.
"என்ன தப்பு செஞ்சான்?"
தப்பு எதுவும் வேண்டியதில்லை.
வழக்கு கிடையாது, சாட்சி கிடையாது,
எண்ணிக்கை மட்டும்.
ராயப்பன் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பரவால்ல. திரும்பி வரலாம்ல."

அவருடைய பெர்மிட் ரத்தான குறுஞ்செய்தி
செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டதை
அன்று மாலை நூர்ஹயாத்தி சொல்லித்தான் அறிந்தேன்.
கம்பெனி கைமாறுகிறது, ஆள் குறைப்பு.
பதின்மூன்று வருடம்.
அதில் அப்பா பெயர் இல்லை.
அவர் பெயரும் இல்லை, எண் மட்டும் இருந்ததாம்.

அது தெரியாமல், அப்போது,
அவர் இரண்டு கையாலும் சில்லைத் தூக்கி
மேடையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வைத்துவிட்டு மண்டியிட்டார்.
பள்ளிப் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுமா என்று
அங்கிருந்து ஒருமுறை பார்த்தார்.
இன்னும் அரை அங்குலம் சாய்க்கச் சொன்னார்.

நாலு மாதம் கூட்டம் வந்தது.
குதிரையோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.
சில்லைத் தாண்டிக்கொண்டு
கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

இன்று திரும்பக் கட்டுகிறோம்.
புதுப் பையன் மைலோ டின்னைக் குலுக்குகிறான்;
பதினாறும் இருக்கின்றன.
பழைய பள்ளம் இளகிவிட்டதென்று
ராயப்பன் போவதற்கு முதல் நாள்
ஃபோமில் புதிதாக ஒன்று வெட்டி வைத்திருந்தார்.
வரைபடம் வைத்துக்கொள்ளவில்லை,
கண் அளவுதான்.
சில்லு அதில் அசையாமல் உட்கார்கிறது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: புதிய சேதம்.
வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம்.
உள்ளே ஈரமானி ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை.
இல்லை என்று எழுதுகிறேன்.
விதிப்படி அது சரி.